பழுது விளக்கிலா, வயரிங்கிலா? ஆன்லைனில் வாங்கிய எல்இடியைத் திருப்பி அனுப்பும் முன்

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்கிறேன். கூடத்தின் ஃபால்ஸ் சீலிங்குக்காக 12 வாட் பேனல் விளக்குகள் ஆறு, 12 வோல்ட் எல்இடி ஸ்டிரிப் 5 மீட்டர் சுருள்கள் இரண்டு, 5 ஆம்பியர் அடாப்டர் ஒன்று என எல்லாவற்றையும் ஆன்லைனில் வாங்கியிருக்கிறீர்கள். எலக்ட்ரீஷியன் அனைத்தையும் பேரலலில், அதாவது ஒவ்வொன்றும் தனிக் கிளையாக இருக்கும்படி, இணைத்துவிட்டதாகச் சொல்கிறார். ஆனால் ஸ்டிரிப்பின் கடைசிப் பகுதி மங்குகிறது, சில நேரம் முழுவதுமே விட்டுவிட்டு எரிகிறது. ஒரு பேனலின் டிரைவர் (230 வோல்ட்டைப் பேனலுக்கு ஏற்ற மின்சாரமாக மாற்றித் தரும் சிறு பெட்டி) இரண்டாம் நாளே போய்விட்டதால் இரண்டு பேனல்களை ஒரே டிரைவரில் சேர்த்தார், இரண்டும் அரை வெளிச்சம்தான் தருகின்றன. ஸ்விட்சை அணைத்த பிறகும் ஒரு விளக்கு லேசாக மினுங்குகிறது. விற்பனையாளரோ, பொருத்திய பொருளைத் திரும்பப் பெற மாட்டோம் என்கிறார். பழுது யாருடையது, பணம் திரும்புமா என்பது கேள்வி.

இந்த நான்கில் பொருளின் பழுது என்று சொல்லத்தக்கது அந்த டிரைவர் ஒன்றுதான். மற்ற மூன்றும் இணைப்பில் வந்தவை. அவற்றைத் திருப்பி அனுப்பி வேறு வாங்கினாலும் அடுத்த வாரம் இதே இடத்தில்தான் நிற்பீர்கள். எனவே முதலில் இணைப்பைப் பார்த்துவிட்டுப் பிறகு திருப்புவதற்கு வருவோம்.

எலக்ட்ரீஷியன் பேரலல் என்று சொன்னது பொய்யில்லை. ஆனால் உங்கள் வீட்டில் பேரலல் செய்யக்கூடிய இடங்கள் மூன்று இருக்கின்றன: 230 வோல்ட் பக்கம், டிரைவருக்கும் பேனலுக்கும் நடுவே, 12 வோல்ட் பக்கம். முதலாவதில் அது கட்டாயம். இரண்டாவதில் கூடாது. மூன்றாவதில் சரி, ஆனால் கணக்குப் போட்டுச் செய்ய வேண்டும்.

230 வோல்ட் பக்கத்தில் குழப்பமே இல்லை. ஒவ்வொரு டிரைவரின் உள்ளீட்டுக்கும் ஒரு பேஸ், ஒரு நியூட்ரல். ஒன்றிலிருந்து அடுத்ததற்கு லூப் எடுத்துக்கொண்டே போகலாம். எல்லா விளக்குக்கும் முழு வோல்ட்டேஜ் கிடைக்கும், ஒன்று போனாலும் மற்றவை எரியும். திருவிழாப் பந்தலில் தொங்கிய பழைய சீரியல் செட் இதற்கு நேர் எதிர்: எல்லாப் பல்பும் தொடராக இருந்ததால் ஒன்று போனால் வரிசையே இருண்டுவிடும். உங்கள் ஆறு பேனல்களும் சேர்ந்து 72 வாட். பவர் ஃபேக்டர் மோசமான, அதாவது அதே வாட்டுக்கு அதிகக் கரண்டு இழுக்கும், மலிவு டிரைவராக இருந்தாலும் அரை ஆம்பியரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவே. 1 சதுர மி.மீ. காப்பர் வயருக்கு அது ஒரு சுமையே இல்லை. ஒரு லைட்டிங் சர்க்யூட்டில் பத்து பாயின்ட், 800 வாட் என்பது நம் ஊர் வயரிங்கில் வெகுகாலமாக இருந்துவரும் வரம்பு. நீங்கள் அதன் பக்கத்தில்கூடப் போகவில்லை. கடை, மண்டபம் போன்ற இடங்களில் முப்பது பேனல்களை ஒரே 6 ஆம்பியர் ஸ்விட்சில் போடுபவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும். போட்ட நொடியில் எல்லா டிரைவர்களின் கெப்பாசிட்டரும் ஒன்றாகச் சார்ஜ் ஆவதால் ஸ்விட்சின் முனைகள் கருகிப்போகும். இரண்டு மூன்று ஸ்விட்சாகப் பிரித்துவிட்டால் போதும்.

சிக்கல் தொடங்குவது டிரைவருக்குப் பின்னால். டிரைவரின் மேலுள்ள லேபிளைப் படியுங்கள். உள்ளீடு ஏசி 100-265 வோல்ட் என்றும், வெளியீடு டிசி 30-42 வோல்ட், 300 மில்லி ஆம்பியர் என்றும் இதைப் போன்ற எண்கள் இருக்கும். வோல்ட்டேஜுக்கு ஒரு வீச்சும் கரண்டுக்கு ஒற்றை எண்ணும் தந்திருப்பதைக் கவனியுங்கள். இந்த டிரைவர் மாறாமல் வைத்திருப்பது கரண்டைத்தான், வோல்ட்டேஜை அல்ல. 300 மில்லி ஆம்பியரைத் தள்ளத் தேவையான வோல்ட்டேஜுக்கு அது தானே ஏறி இறங்கிக்கொள்ளும். அதன் வெளியீட்டில் இரண்டு பேனல்களைப் பேரலலில் மாட்டினால் அந்த 300 இரண்டாகப் பிரியும், ஆளுக்கு 150. அரை வெளிச்சம் வந்தது அதனால்தான். பேனலில் எந்தக் குறையும் இல்லை.

சரி, 600 மில்லி ஆம்பியர் தரும் 24 வாட் டிரைவரை வாங்கி இரண்டையும் ஓட்டலாமே என்று தோன்றும். அது இன்னும் மோசம். ஒரு பேனலின் வயர் கழன்றால் 600 முழுவதும் மற்றதில் பாயும், அது அன்றே கருகும். கழலாவிட்டாலும் பங்கு சரிபாதியாகப் பிரியாது. எந்த இரண்டு எல்இடியும் துல்லியமாக ஒரே வோல்ட்டேஜில் எரிவதில்லை. சற்றுக் குறைந்த வோல்ட்டேஜில் எரிவது அதிகக் கரண்டை எடுக்கும். எடுத்தால் சூடாகும். சூடானால் அதற்குத் தேவையான வோல்ட்டேஜ் மேலும் குறையும், அதனால் இன்னும் அதிகம் எடுக்கும். ஒரு பேனலுக்கு ஒரு டிரைவர் என்பதே சரி.

தனி எல்இடிகளை வைத்துத் தாமே விளக்குச் செய்பவர்களுக்கும் இதே காரணம்தான் பொருந்தும். பத்து எல்இடிகளைப் பேரலலில் சேர்த்து மொத்தத்துக்கும் ஒரே ரெசிஸ்டர் போடக் கூடாது, ஒவ்வொரு கிளைக்கும் தனி ரெசிஸ்டர் வேண்டும். வெள்ளை எல்இடிக்குச் சுமார் 3 வோல்ட், 20 மில்லி ஆம்பியர் என்று கொண்டால், 12 வோல்ட்டில் மூன்றைத் தொடராக வைத்து மிச்சம் 3 வோல்ட்டுக்கு 150 ஓம். ஒன்றை மட்டும் எரிக்க 470 ஓம்.

இன்னொன்று. டிரைவர் ஓடிக்கொண்டிருக்கும்போது பேனலின் பின்னைக் கழற்றி மாட்டாதீர்கள். சுமை இல்லாத டிரைவரின் வெளியீடு லேபிளில் உள்ள உச்ச வோல்ட்டேஜுக்கும் மேலே ஏறி நிற்கும். அந்த நேரத்தில் பேனலைச் சொருகினால் ஒரு நொடி அடிக்கும் அதிகக் கரண்டில் எல்இடி போய்விடும். எந்தப் பேனல் நல்லது என்று பார்க்கப்போய், நல்லதையும் கெடுத்துவிட்டு, பெட்டியில் வந்ததே பழுது என்று புகார் எழுதுபவர்கள் நிறைய. மலிவு டிரைவர்கள் சிலவற்றில் வெளியீடு மெயின்ஸிலிருந்து பிரிக்கப்பட்டிருக்காது. நாற்பது வோல்ட்தானே என்று கை வைத்தால் ஷாக் அடிக்கும். மெயின் பெட்டியில் உள்ள எம்சிபி ஸ்விட்சை இறக்கி, டெஸ்டரில் பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

இப்போது ஸ்டிரிப். கேள்வியில் நீங்கள் தந்த விவரப்படி உங்களுடையது மீட்டருக்கு 60 எல்இடி கொண்ட 5050 வகை. அது மீட்டருக்கு 14.4 வாட் எடுக்கும். 5 மீட்டர் சுருள் ஒன்றுக்கு 72 வாட், அதாவது 12 வோல்ட்டில் 6 ஆம்பியர். இரண்டுக்கும் சேர்த்து 144 வாட், 12 ஆம்பியர். உங்கள் அடாப்டர் 60 வாட். ஒரு சுருளுக்கே போதாத அடாப்டரில் இரண்டு சுருள்கள். அளவுக்கு மீறிக் கரண்டு இழுக்கும்போது அடாப்டர் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடும், மறுபடி முயலும், மறுபடி நிற்கும். நீங்கள் பார்க்கும் விட்டுவிட்டு எரிதல் அதுதான். அடாப்டர் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது.

கடைசிப் பகுதி மங்குவதற்குக் காரணம் வேறு. எலக்ட்ரீஷியன் முதல் சுருளின் வாலில் இரண்டாவதின் தலையைச் சேர்த்திருக்கிறார். ஸ்டிரிப்பின் உள்ளே மூன்று எல்இடி, ஒரு ரெசிஸ்டர் என்ற சிறு தொடர்க் குழுக்கள் வரிசையாகப் பேரலலில் இருக்கின்றன. கத்தரிக்கோல் குறி மூன்று எல்இடிக்கு ஒருமுறை வருவது அதனால்தான். ஆகவே வாலில் தலையைச் சேர்ப்பதும் மின்சாரக் கணக்கில் பேரலல்தான். ஆனால் இரண்டாம் சுருளின் கரண்டு முழுவதும் முதல் சுருளின் மெல்லிய செப்புத் தடத்தின் வழியாகப் போக வேண்டியிருக்கிறது. தடத்தில் வோல்ட்டேஜ் வழியெல்லாம் குறையும். 12 வோல்ட்டில் மூன்று எல்இடிகள் 9 வோல்ட்டை எடுத்துக்கொள்ள, ரெசிஸ்டருக்கு மிஞ்சுவது 3 வோல்ட். வால் முனையில் 10 வோல்ட்தான் இருக்கிறது என்றால் ரெசிஸ்டருக்கு மிச்சம் 1 வோல்ட், கரண்டு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிடும். வோல்ட்டேஜ் ஆறில் ஒரு பங்குதான் குறைந்தது, வெளிச்சமோ பாதிக்கும் கீழே. இதற்காக ஸ்டிரிப்பைக் குறை சொல்வது நியாயமில்லை.

வயரிலும் இதே இழப்பு உண்டு. 230 வோல்ட் வயரிங் செய்தே பழகிய கைகள் இதைத் தவறவிடுகின்றன. 1 சதுர மி.மீ. காப்பர் வயர் மீட்டருக்குச் சுமார் 0.018 ஓம். அடாப்டரிலிருந்து ஸ்டிரிப்புக்கு 5 மீட்டர் தூரம் என்றால் போக வர 10 மீட்டர், 0.18 ஓம். 6 ஆம்பியர் ஓடினால் ஒரு வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும். இதே 72 வாட்டை 230 வோல்ட்டில் கொண்டுபோனால் கரண்டு 0.3 ஆம்பியர்தான், இழப்பு 0.06 வோல்ட், யார் கண்ணுக்கும் தெரியாது. ஆகவே 230 வோல்ட்டை நீளமாக ஓட்டி, 12 வோல்ட்டைக் குட்டையாக வைப்பதுதான் சரி. 12 வோல்ட் பக்கம் நீளம் தவிர்க்க முடியாவிட்டால் 2.5 சதுர மி.மீ. வயர் போடுங்கள்.

செய்ய வேண்டியது: இரண்டு சுருளையும் பிரித்து, ஒவ்வொன்றின் தலைக்கும் பவர் சப்ளையிலிருந்து தனி வயர் இழுங்கள். முடிந்தால் வால் முனைக்கும் ஒரு ஜோடி கொடுங்கள், பிளஸுக்குப் பிளஸ், மைனஸுக்கு மைனஸ். 144 வாட்டை 80 சதவீதச் சுமையாக வைத்தால் 180 வாட், அதாவது 12 வோல்ட் 15 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் (பெரிய அடாப்டர் போன்ற பவர் சப்ளை) ஒன்று வேண்டும். அல்லது 100 வாட் சப்ளை இரண்டு, சுருளுக்கு ஒன்றாக. ஆனால் இரண்டு அடாப்டர்களின் வெளியீட்டையும் ஒன்றாகச் சேர்த்து முறுக்கிவிடாதீர்கள். வோல்ட்டேஜ் துளி அதிகமாக உள்ளது எல்லாச் சுமையையும் தன் தலையில் போட்டுக்கொள்ளும். எஸ்எம்பிஎஸ் காற்றோட்டமும் கை எட்டும் வழியும் உள்ள இடத்தில் இருக்கட்டும். ஜிப்சம் பலகைக்கு மேலே வைத்து மூடிவிட்டால் பிறகு கூரையை வெட்ட வேண்டிவரும்.

அணைத்த பிறகும் மினுங்குவதற்கு மூன்று காரணங்களைப் பாருங்கள். ஸ்விட்ச் பேஸை வெட்டாமல் நியூட்ரலை வெட்டுகிறதா? ஸ்விட்சில் சின்ன இண்டிகேட்டர் விளக்கு இருக்கிறதா? பேஸ் வயரோடு ஒட்டி நீண்ட தூரம் ஓடும் ஸ்விட்ச் வயரா? இரண்டாவதும் மூன்றாவதும் ஆபத்தில்லாத கசிவு. முதலாவது ஆபத்து. ஸ்விட்சை அணைத்த பிறகும் டெஸ்டர் விளக்குப் பக்கத்தில் எரிந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மாற்றச் சொல்லுங்கள்.

மூன்று பேஸ் இணைப்புள்ள வீடுகளுக்கு ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரே நேரத்தில் மூன்று நான்கு டிரைவர்கள் போயிருந்தால் பொருளைச் சந்தேகிக்கும் முன் நியூட்ரலைச் சந்தேகியுங்கள். மெயின் நியூட்ரல் தளர்ந்துவிட்டால் சுமை குறைந்த பேஸில் வோல்ட்டேஜ் 230-ஐத் தாண்டி 400 பக்கம்வரைகூட ஏறலாம். விளக்கோடு நிற்காது, டிவி, மிக்சி எல்லாம் போகும். மின்வாரியத்துக்குச் சொல்ல வேண்டிய வேலை அது, விற்பனையாளருக்கு அல்ல.

இனித் திருப்புவது. உங்கள் செத்த டிரைவர் உண்மையிலேயே பழுதுதானா என்று முதலில் உறுதி செய்யுங்கள். எம்சிபியை இறக்கிவிட்டு, அதே அளவுள்ள நல்ல டிரைவரை அந்தப் பேனலில் மாட்டிப் பாருங்கள். எரிந்தால் பேனல் நல்லது. சந்தேகத்துக்குரிய டிரைவரை நல்ல பேனலில் மாட்டுங்கள். எரியவில்லை, மற்ற ஐந்தும் அதே வயரிங்கில் ஓடுகின்றன என்றால் டிரைவர் பழுது. வெட்ட வேண்டியதில்லை, சொருகு பின்னிலேயே இதைச் செய்யலாம். இந்தச் சோதனையை மொபைலில் ஒரே தொடராகப் படம் எடுத்து வையுங்கள், டிரைவரின் லேபிளும் அதில் தெரியட்டும்.

பொருத்தியதைத் திரும்பப் பெற மாட்டோம் என்ற பதிலுக்கு வருகிறேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் கீழ் 2020 ஜூலையில் வந்த மின்வணிக விதிகள் விற்பனையாளருக்குச் சொல்வது தெளிவாகவே இருக்கிறது: பொருள் பழுதானதாகவோ, போலியாகவோ, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாததாகவோ இருந்தால் திரும்பப் பெற மறுக்கக் கூடாது, பணத்தைத் தர மறுக்கவும் கூடாது. சொன்ன நாளுக்குப் பின் தாமதமாக வந்த பொருளுக்கும், எதிர்பாராத பேரிடர்க் காரணங்கள் நீங்கலாக, இது பொருந்தும். மின்சாரம் கொடுக்காமல் ஒரு விளக்குப் பழுதா இல்லையா என்று யாரும் அறிய முடியாது. ஆகவே பொருத்தினாய் என்பதையே காரணமாகக் காட்டுவது என் பார்வையில் நிற்காது. ஆனால் வெட்டினாய், சால்டர் செய்தாய், முனையை உரித்தாய் என்று சொன்னால் அவர்கள் பக்கம் வலுவாகிவிடும். உங்கள் ஸ்டிரிப் இரண்டும் அந்த நிலையில்தான் இருக்கின்றன. தவிர அவற்றில் பழுதும் இல்லை, விட்டுவிடுங்கள்.

அடாப்டர் விஷயத்தில் பொருள் பக்கத்தைத் திரும்பத் திறந்து படியுங்கள். 12 வோல்ட் 5 ஆம்பியர் என்று மட்டும் போட்டிருந்தால் நீங்கள் கேட்டதை அவர்கள் தந்திருக்கிறார்கள். 10 மீட்டர் ஸ்டிரிப்புக்குப் போதும் என்றோ, சுருளோடு சேர்த்து ஒரே செட்டாகவோ விற்றிருந்தால் அது சொன்ன தன்மை இல்லாத பொருள். அந்தப் பக்கத்தை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், நாளை வாசகம் மாறியிருக்கலாம்.

மனம் மாறியதால் திருப்புவது வேறு கதை. நிறம் பிடிக்கவில்லை, வெதுவெதுப்பான மஞ்சள் வெளிச்சத்துக்குப் பதிலாகத் தவறுதலாக வெள்ளையை ஆர்டர் செய்துவிட்டேன் என்பதற்கெல்லாம் நம் நாட்டில் சட்ட உரிமை கிடையாது. தளம் கொடுத்திருக்கும் 7 நாள், 10 நாள் சலுகைதான் எல்லை. சில பொருள்களுக்கு மாற்றித் தருவது மட்டும் உண்டு, பணம் கிடையாது. வாங்கும் முன் அந்த ஒரு வரியைப் பார்த்துவிட வேண்டும். பிடிக்காத பொருளைப் பழுது என்று பொய்யாகப் போட்டு அனுப்புவதை நான் ஆதரிக்க மாட்டேன். உண்மையிலேயே பழுதான பொருளைக் கொண்டுவருபவரையும் அது சந்தேகத்துக்கு ஆளாக்குகிறது.

அடுத்த முறை பொருள் வந்த அன்றே, கூரையில் ஏற்றும் முன், தரையில் வைத்து எரித்துப் பாருங்கள். பேனல்களை மூன்று நான்கு மணி நேரம் ஓட விடுங்கள், தொடக்கத்திலேயே போகும் டிரைவர்கள் பல அதற்குள் போய்விடும். ஸ்டிரிப்பைச் சுருளிலிருந்து விரித்து, கிளிப் கனெக்டரில் மாட்டி, முழு நீளமும் ஒரே நிறமா என்று பாருங்கள். சுற்றியபடியே நேரம் போக எரித்தால் சூட்டில் கெடும். பின்புற ஒட்டுப் பட்டையை உரிக்க வேண்டாம், வெட்ட வேண்டாம். எரியவே இல்லை என்றால் பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் அதற்கு மேல் ஒன்றும் இருக்காது. டிரைவரில் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் முத்திரையும் 'ஆர்' என்று தொடங்கி எட்டு இலக்கம் கொண்ட பதிவு எண்ணும் உண்டா என்றும் தேடுங்கள். எல்இடி டிரைவர்களுக்கு இந்தப் பதிவு கட்டாயம். பிஐஎஸ் கேர் செயலியில் எண்ணைச் சரிபார்க்கலாம். எண் இல்லாத டிரைவரை எரிந்தாலும் திருப்பி அனுப்புவேன்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது: தளத்தின் உள்ளேயே, பழுதான பொருள் என்ற காரணத்தைத் தேர்ந்து, வீடியோவுடன் மீண்டும் புகார் பதியுங்கள். டிரைவருடன் சேர்த்துப் பேனலையும் திருப்பக் கேட்பார்கள், பெட்டி இருந்தால் கொடுத்துவிடுங்கள். மறுத்தால் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை உறுதி செய்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது அதே விதி. விலைப்பட்டியலில் விற்பனையாளராக யார் பெயர் இருக்கிறதோ அந்தப் பெயரைக் குறிப்பிடுங்கள், தளமும் விற்பவரும் பெரும்பாலும் வேறு வேறு. அதற்கும் அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நீங்கள் வசிக்கும் ஊரிலேயே, ஆன்லைனிலேயே, இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. ஆனால் ஒரு டிரைவருக்காக அவ்வளவு தூரம் போவது உங்கள் விருப்பம். அந்த அளவுள்ள டிரைவர் எலக்ட்ரிக்கல் கடைகளில் தனியாகவும் கிடைக்கும்.

பொருளை எடுக்க வருபவரிடம் கொடுக்கும்போது, செயலியில் அது எடுக்கப்பட்டதாகப் பதிவாகும்வரை அவரை அனுப்பாதீர்கள். பணம் திரும்பவில்லையே என்று இணையத்தில் வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடிக் கூப்பிடவே வேண்டாம், அப்படித் தேடும்போது கண்ணில் படும் எண்கள் பல மோசடிக்காரர்களுடையவை. பணம் பெறுவதற்கு யூபிஐ பின் தேவையே இல்லை. பின்னைக் கேட்டாலோ, திரையைப் பகிரும் செயலியை நிறுவச் சொன்னாலோ போனை வையுங்கள். பணம் போய்விட்டிருந்தால் உடனே இணைய மோசடிப் புகார் எண் 1930.

கையில் இருக்கும் 60 வாட் அடாப்டரைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. 80 சதவீதக் கணக்கில் 48 வாட், இதே ஸ்டிரிப்பில் 3.3 மீட்டர் வரும். சுருளை இனி எப்படியும் திருப்ப முடியாது என்பதால் கூரையில் மிஞ்சும் துண்டைக் குறியில் வெட்டி, சமையலறை மேடைக்கு மேலுள்ள அலமாரியின் அடியில் ஓட்டிக்கொள்ளலாம். அடுப்புக்கு நேர் மேலே மட்டும் வேண்டாம்.